குரங்குக் குடம் கொடுத்த மூன்று விசில்

4 அக்டோபர் 2006, டுசல்டோர்ஃப், ஜெர்மனி

குரங்கு இன்றும் ஊதவில்லை. பெரு நாட்டில் இன்காக்களுக்கும் முந்தியவர்கள் வனைந்த விசில் குடத்தைப் பார்த்து நான் செய்த எட்டாவது நகல் இது. ஒட்டிப் பிறந்த இரண்டு வயிறு, ஒன்றின் மேல் குந்தியிருக்கும் குரங்கு. தண்ணீர் ஊற்றிச் சாய்த்தால் உள்ளே காற்று நெருக்குண்டு, குரங்கின் தலை வழியாக விசிலாக வர வேண்டும். எனக்கு வருவது ‘புஸ்’. சத்தம் வந்தால்தான் ஆய்வகத்தில் ஒரு வருட நீட்டிப்பு என்று பேராசிரியர் பேனாட் சொல்லிவிட்டார். வராவிட்டால் இந்த மாதத்தோடு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

7 அக்டோபர்

புஸ்.

10 அக்டோபர்

பிரதாப் என்னைக் கேட்காமலே பேராசிரியரைச் சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார். “நல்ல சாம்பார் போட்டா கான்ட்ராக்ட் தானா வரும்டி.” இப்படி ஒரு புருஷன்! சமையலாவது அவர் பொறுப்பு. ஒன்பதாவது குரங்குக்குத் தொண்டையை ஒரு மயிரிழை அகலமாக வைத்துச் சூளைக்கு அனுப்பினேன்.

14 அக்டோபர், சனி

ஊதிவிட்டது! படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாய்த்தேன் — கூவியது. நம்பாமல் இன்னொரு தடவை. இன்னும் ஒரு தடவை. இதையெல்லாம் செத்தவர்கள் பக்கத்தில் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். எதற்கு விசில் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. எனக்கென்னவோ, யாரோ ‘இருக்கேன்’ என்று பதில் சொன்னது போலிருந்தது. நன்றாக அழுதேன்.

அழுது முடித்து ஓடினால் அடுக்களையில் பிரதாப். “ஹால்ல லேப்டாப்போட இருந்தேன். மூணு விசில் கேட்டுச்சு, வந்து ஆஃப் பண்ணிட்டேன்.”

ஐயோ! குக்கர் ஒரு விசில்கூட விடவில்லை. வேகாத பருப்பைப் பார்க்காமல் புளித்தண்ணீரில் கொட்டியும் ஆகிவிட்டது. இனி எங்கே வேகும்? சரியாகப் பன்னிரண்டுக்கு வாசல் மணி. ஜெர்மானியர் அல்லவா.

பேராசிரியர் நறுக் நறுக்கென்று மென்றார். “எங்க ஊர் ஸ்பெஷல்” என்று பிரதாப் கூசாமல் இங்கிலீஷில் சொன்னார். என்னால் முடியவில்லை, உண்மையைச் சொல்லிவிட்டேன். பேராசிரியர் கரண்டியைக் கீழே வைத்தார். குடத்தைச் சாய்த்துக் காட்டினேன். விசிலைக் காது கொடுத்துக் கேட்டார். பிரதாப் எந்த நாற்காலியில் இருந்தார், கதவு திறந்திருந்ததா என்று மட்டும் விசாரித்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

15 அக்டோபர்

பிரதாபோடு பேச்சில்லை. “உன் குரங்குதான்டி என் சாம்பாரைக் கெடுத்துச்சு” என்கிறார். போச்சு. எல்லாம் போச்சு.

19 அக்டோபர்

நீட்டிப்புக் கடிதம் வந்தது. ஒரு வருடம் இல்லை, இரண்டு! இத்தனை காலம் எல்லோரும் குடத்தின் முன்னால் நின்றே கேட்டிருக்கிறோமாம். சுவருக்கு அப்பால் இருந்து கேட்டவன் என்ன செய்திருப்பான் என்று யோசிக்கவே இல்லையாம். அதுதான் இனி என் வேலை. முதல் பதிவைப் பேராசிரியரே எழுதி அனுப்பியிருக்கிறார்: ‘ஆண், முப்பத்தொரு வயது, பக்கத்து அறை, கதவு சாத்தியிருந்தது. விசில் கேட்டதும் அடுப்பை அணைத்தார்.’