மச்சாளின் அறைக்கு வெண்ணெய் நிறம்

ஏப்ரல் 1

கொட்டாஞ்சேனை மச்சாளுக்கு வருசப்பிறப்புக்கு முதல் படுக்கையறைக்குப் பெயின்ற் அடிக்க வேண்டுமாம். வீட்டையும் துப்புரவாக்க வேண்டுமாம். வெளியாட்களை உள்ளே விடமாட்டாவாம். என் மனுசன் ராகுலன் தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அக்கா உம்மைத்தான் வரச் சொன்னவா."

என்னை! மூன்று வருடத்துக்கு முன் ஒரு கலியாண வீட்டில், சாப்பாட்டு மேசையில், அத்தனை சனத்துக்கு முன்னால், "சாருஜாவின்ர குசினியில தண்ணி குடிக்கிறதெண்டாலும் ஒருக்கா யோசிக்க வேணும்" என்று சிரித்துக்கொண்டு சொன்ன வாய் அது. என் அடுப்படி அவ்வளவு ஊத்தையாம். தன் அக்கா அப்படிச் சொன்னபோதும் ராகுலன் இப்படித்தான் வேறெங்கோ பார்த்தார். நான் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? சொன்னால் அன்றைக்குக் கேட்காதவர்களும் கேட்டுவிடுவார்களே.

வருகிறேன் என்றேன். ராகுலனுக்கு ஒரே சந்தோஷம். பாவம். அக்காவின் குப்பையை அள்ளி ஊருக்கே காட்டத்தான் போகிறேன் என்று அவருக்குத் தெரியாது.

ஏப்ரல் 3

அலுமாரியை இழுத்தேன். கடவுளே! கரப்பான் செட்டைகள், வெறும் மாத்திரை மட்டைகள், தும்பும் தலைமயிருமாக ஒரு பாய் விரித்த மாதிரி. கட்டிலுக்குக் கீழே கைவைக்க ஏலாது. சாமிப்படத்துக்குப் பின்னால் ஒட்டறை தொங்குகிறது. இவதான் எங்கள் குடும்பத்துக்கே சுத்தம் படிப்பித்தவ!

அவ ஹோலில் கதிரை போட்டு இருந்துகொண்டு, "மூலையளை வடிவாத் துடையும், சாருஜா" என்றா.

"ஓம் மச்சாள்" என்றேன். சொல்லிக்கொண்டே போனில் படமெடுத்தேன். மூலை, கட்டில், சாமிப்படம், ஒன்றையும் விடவில்லை. பிறகு தேத்தண்ணீர் தந்தா. கோப்பையின் உள்விளிம்பில் நேற்றைய கறை. தேத்தண்ணீரைப் பேசினுக்குள் ஊற்றிவிட்டுக் கோப்பையையும் படமெடுத்தேன்.

ஏப்ரல் 4

இடுப்பு முறிகிறது. படுத்தபடி படங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கோப்பைப் படம்தான் எல்லாவற்றிலும் அழகு.

ஏப்ரல் 5

"நானே ஹாட்வெயாருக்குப் போய் வாங்கினனான், வெண்ணெய் நிறம்" என்று மச்சாள் பெருமையாகச் சொன்னா. டின்னைத் திறந்தால் பச்சை. ஆஸ்பத்திரிச் சுவர்ப் பச்சை. கடைக்காரன் மாற்றிக் கொடுத்திருக்கிறான். மூடியில் நிறத்தின் பெயரும் பெரிதாக இருக்கிறது. இவ வாங்கும்போது பார்க்கவில்லையா?

சொல்லியிருக்கலாம். ஏன் சொல்ல வேண்டும்? ரோலரை முக்கினேன். இரண்டு சுவர் அடித்து முடித்தேன். வருசப்பிறப்புக்கு வருகிற சனமெல்லாம் பார்க்கட்டும். அடிக்க அடிக்கக் கைநோவே தெரியவில்லை.

ஏப்ரல் 6

என்ன செய்துவிட்டேன்?

காலையில் பஸ்ஸில் இருந்துகொண்டு படங்களைக் குடும்ப வட்ஸ்அப் குறூப்பில் போட்டேன். கீழே எழுதினேன்: "மச்சாளின் அறை. நான் துடைக்க முதல்." ராகுலனின் ஒன்றுவிட்ட தமையன் பெரியதம்பி உடனே லண்டனிலிருந்து எழுதினார்: "எங்களுக்குச் சுத்தம் படிப்பிச்ச ஆளின்ர அறையோ இது?" சிரிக்கிற முகங்கள் வரிசையாக வந்தன. கொட்டாஞ்சேனையில் இறங்கும்போது எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

மத்தியானம், பெயின்ற் தொடங்கிய பிறகு முதல்முறையாக மச்சாள் அறைக்குள் வந்தா. பச்சைச் சுவருக்கு முன்னால் நின்று, "நல்ல வெண்ணெய் நிறம், என்ன?" என்றா.

அவ கையை நீட்டிச் சுவரைத் தடவினா. அது அப்போதுதான் அடித்த சுவர். உள்ளங்கை முழுக்கப் பச்சை. அந்தக் கையை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தா. பார்த்துவிட்டுச் சேலையில் துடைத்தா. அவவுக்குத் தெரியவில்லை. நிறமே தெரியவில்லை.

"கண் மங்கிப் போச்சு, சாருஜா. வெளிச்சம்தான் தெரியுது" என்றா. "மயூரிக்கும் சொல்லேல்லை. மகளுக்குத் தெரிஞ்சால் வீட்டை வித்துப்போட்டு மெல்பனுக்கு வா எண்டு நிப்பாள். நான் இந்த வீட்டை விட்டுப் போகமாட்டன்."

பிறகு சொன்னா: "உம்மை ஏன் கூப்பிட்டனான் தெரியுமே? அண்டைக்குக் கலியாண வீட்டில நான் வாய் விட்டதை நீர் ஒருத்தருக்கும் கதைக்கேல்லை. வேற ஆருமெண்டால் ஊரெல்லாம் சொல்லி அழுதிருப்பினம். உம்மட்டை ஒரு விசயம் போனால் வெளியில வராது."

நான் செத்தே போனேன். அந்த நேரம் பார்த்து அவவின் போன் டிங் டிங் என்றது. "காலமை துவக்கம் அடிச்சுக்கொண்டே கிடக்கு. என்னவாம்? வாசியும்" என்று கையில் தந்தா.

வாசித்தேன். என்னத்தை வாசிப்பது? "எல்லாரும் வருசப்பிறப்புக்கு வாழ்த்து அனுப்பியிருக்கினம், மச்சாள்."

"இப்பவே? ஒரு கிழமை கிடக்கே."

"ஓம். இப்பவே."

"பெரியதம்பி?"

"அவரும்தான்."

அவ சிரித்தா. நான் குளியலறைக்குள் போய்க் குறூப்பில் போட்ட படங்களை அழித்தேன். அழித்து என்ன? பார்க்க வேண்டியவர்கள் பார்த்தாயிற்று. மயூரியும் அந்தக் குறூப்பில் இருக்கிறாள்.

ஏப்ரல் 7

ஹாட்வெயாரில் உண்மையான வெண்ணெய் நிறம் வாங்கினேன். மச்சாளிடம் சொன்னேன்: "கடைக்காரன் மாறிக் குடுத்திட்டான். நான் அடிச்சது பச்சை."

"உமக்கு எப்ப தெரியும்?"

"டின் திறக்கேக்க."

"அப்ப திரும்ப அடியும்" என்றா. அவ்வளவுதான். படங்களைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. கோழை.

ஏப்ரல் 9

பச்சை இன்னும் தெரிகிறது. மூன்றாம் பூச்சு. கீழ்ச் சுவருக்கு முழங்காலில் நின்று அடித்தேன். பெரியதம்பி அண்ணை இன்றைக்கும் ஏதோ பகிடி எழுதியிருக்கிறார். அவரை நாலு பேச வேண்டும்போல் கோபம் வருகிறது. எந்த முகத்தோடு பேசுவது? எடுத்துக்கொடுத்ததே நான்.

ஏப்ரல் 11

அறை முடிந்தது. குசினியில் இருந்த கோப்பைகள் எல்லாவற்றையும் கறை போகத் தேய்த்துக் கழுவினேன். ஒருவரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 14

வருசப்பிறப்பு. தலையில் வைத்து முழுகுகிற மருத்துநீரைக் கோயிலில் வாங்கிக்கொண்டு நானும் ராகுலனும் காலையிலேயே கொட்டாஞ்சேனைக்குப் போனோம். மூத்தவர்தானே தலையில் வைத்துவிட வேண்டும். மச்சாள் முதலில் தம்பிக்கு வைத்தா. அவர் குளிக்கப் போனதும் நான் போய் முன்னால் நின்றேன்.

"மயூரி போன் எடுத்தவள்" என்றா, கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு. "படங்களைப் பற்றிச் சொன்னவள். ஆர் போட்டதெண்டும் சொன்னவள்."

"மச்சாள், நான்—"

"கண் விசயத்தையும் நான் சொல்லிப்போட்டன். இனி என்னத்தை மறைக்கிறது? வீட்டை விக்கத்தான் வேணுமெண்டு நிக்கிறாள். முதல்ல கண்ணைக் காட்டிப் பாப்பம் எண்டனான். வியாழக்கிழமை களுபோவில ஆஸ்பத்திரியில கண் கிளினிக். டொக்டர் சொல்லுறதை ஒண்டும் கூட்டாமல் குறைக்காமல் மயூரிக்குச் சொல்ல ஒரு ஆள் வேணும். ராகுலன் எனக்கு நோகுமெண்டு மறைப்பான். நீர் மறைக்கமாட்டீர்."

அது ஏச்சா, நம்பிக்கையா? கேட்கிற தகுதி எனக்கில்லை. "வாறன், மச்சாள்" என்றேன்.

அவவின் கை மருத்துநீர் சொட்டச் சொட்ட என் தலையைத் தேடி வந்தது.

"எட்டேல்லை. குனியும்" என்றா.

குனிந்தேன்.

"இன்னும்."

இன்னும் குனிந்தேன்.