கட்டவுட்டும் சகலனும்

மே 5, திங்கள்

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. எட்டு மணிக்கே அனல், முற்றமெல்லாம் புழுதி.

வேனின் ஹெட்லைட் பல்ப் இன்றும் போனது. ஒரு கிழமைக்குள் மூன்றாவது. என்ஜினை ஏற்றினால் விளக்கு கண் கூச எரிகிறது, பிறகு பொட்டென்று அணைகிறது. பற்றரி கொதிக்கிறது. அசிட் மணம் பின் ஆசனம் வரைக்கும். அங்கேதான் நான் கடைகளுக்குப் போடும் மருதமுனைக் கைத்தறிச் சாரக் கட்டுகள். மணம் ஏறினால் பொத்துவில் கடைக்காரர் ஒன்றையும் எடுக்கமாட்டார்.

காரணம் தெரியும். கட்டவுட். பற்றரிக்குப் பக்கத்தில் பூட்டியிருக்கும் சின்னப் பெட்டி. டைனமோ தரும் கரண்ட்டை அளவோடு பற்றரிக்கு விடுவது அதன் வேலை. மாமனார் இந்த வேனை வாங்கிய காலத்துப் பெட்டி. ஆயுள் முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

முன்வீட்டு ஜன்னலில் ச. நின்றான். நான் படும் பாட்டைப் பார்த்துப் பார்த்து பிளேன்டீ குடித்தான். (ச. என்றால் சகலன். என் மனைவி நசீமாவின் ராத்தாவை, அதாவது அக்காவை, கட்டியவன். முழுப் பெயரை எழுதி இந்தக் கொப்பியை அழுக்காக்க விருப்பமில்லை.)

மே 6, செவ்வாய்

கல்முனை. வாங்கியவை: புதுக் கட்டவுட், பல்ப் இரண்டு, பற்றரித் தண்ணீர். வாங்க மறந்தது: பூண்டு. நசீமாவிடம் ஏச்சு.

கட்டவுட் பூட்டினேன். நாலு வயர், இரண்டு நட். கால் மணித்தியால வேலை. இதற்குப் போய் வயரிங் தெரிந்தவனிடம் கெஞ்ச வேண்டுமாம்! (ச. வீடுகளுக்கு வயரிங் செய்பவன். அந்தத் திமிர் நடையிலேயே தெரியும்.)

பொனட்டுக்குள் பார்த்தால் எனக்கே பெருமை. போன கிழமை நானே அடித்த பெயின்ட். பச்சை. ஒரு இடம் விடவில்லை. கட்டவுட்டைக்கூடக் கழற்றி வைத்து, அது உட்காரும் தகட்டுக்கும் இரண்டு கோட். ஏன் அவ்வளவு பாடு? மாமா மௌத்தாகி நாற்பதாம் நாள், கத்தம் ஓதிச் சோறு கொடுத்தோம். வேன் சின்ன மாப்பிள்ளையான எனக்கு என்று மாமி சொன்னார். ச. சோற்றுச் சகன் தட்டில் கையை வைத்துக்கொண்டே, அத்தனை பேருக்கும் கேட்கச் சொன்னான்: "அது ஓடுற வாகனமில்ல மாமி. பழைய இரும்புக்குப் போடுங்க."

அன்றிலிருந்து இரண்டு வருடம். ஒரே வளவு, ஒரே கிணறு, ஒரே கேற். ஒரு சொல் கதைத்ததில்லை. பெயின்ட்தான் அவனுக்கு என் பதில்.

என்ஜினை ஏற்றினேன். பல்ப் போனது.

மே 7, புதன்

கல்முனைக் கடைக்காரனோடு சண்டை. "சாமான்ல பிழை இல்ல காக்கா, வேற எங்கயோ பாருங்க." கத்தினேன். முகத்தை நீட்டிக்கொண்டு வேறொன்று தந்தான். பூட்டினேன். அதே கதை. பற்றரி தண்ணீரைக் கக்குகிறது.

மத்தியானம் சோறு போடும்போது நசீமா வாய் தவறிச் சொன்னாள். "ஞாயித்துக்கெழம முன்வீட்டு மச்சான் பொனட்டத் திறந்து என்னமோ பாத்துட்டு இரிந்தாரு. கையில டெஸ்டரும் இரிந்திச்சி."

"ஏன் புள்ள அப்பவே சொல்லல்ல?"

"சொன்னா இப்பிடிக் குதிப்பீங்க எண்டுதான்."

சோற்றைத் தள்ளி வைத்தேன். இப்போதுதான் எல்லாம் விளங்குகிறது. வேன் ஓடுவது அவனுக்குப் பொறுக்கவில்லை. வயரைத் தெரிந்தவனுக்கு வயரைக் கெடுக்கவா தெரியாது?

அஸர் தொழுத கையோடு குடித் தலைவர் மரைக்கார் வீட்டுக்குப் போனேன். நானும் அவனும் இந்தக் குடிக்குள் வீட்டோடு வந்த மாப்பிள்ளைகள். எங்கள் வழக்கு மனைவிமாருடைய குடி மரைக்காரிடம்தான் போகும். சொன்னேன். கொஞ்சம் கூட்டியும் சொன்னேன்.

"கண்ணால கண்டீங்களா தம்பி?"

"பொஞ்சாதி கண்டிரிக்கா."

"கெடுத்ததக் கண்டாவா, திறந்ததக் கண்டாவா?"

"திறந்ததத்தான்" என்றேன்.

"இல்லாதத ஒருத்தன்ட தலையில போடுறது லேசுப்பட்ட பாவமில்ல."

"அப்ப அவர் பள்ளிவாசல்ல சத்தியம் பண்ணட்டும்."

"சரி. வெள்ளிக்கெழம ஜும்ஆத் தொழுக முடிய ரெண்டு பேரும் வாங்க."

திரும்பி வரும்போது மனதில் அப்படி ஒரு குளிர்ச்சி.

மே 8, வியாழன்

பொத்துவிலுக்குச் சரக்கு இனியும் பிந்த ஏலாது. துணிந்து புறப்பட்டேன். கோமாரி தாண்டவில்லை, பொனட்டுக்குள் புகை. ஓரமாக நிறுத்தினேன்.

ட்ரக்டர் திருத்தும் கொட்டில் ஒன்று. மெக்கானிக் என்னைவிட இளையவன், வாய் நிறைய வெற்றிலை. என்ன ஏது என்று கேட்கவில்லை. ஒரு துண்டு வயரை எடுத்தான். ஒரு முனையைக் கட்டவுட் பெட்டியின் உடம்பில் வைத்தான், மறு முனையைப் பற்றரியின் எர்த்தில். என்ஜின் சத்தமே மாறியது. ஹெட்லைட்டைப் போடச் சொன்னான். மாமா ஓட்டிய காலத்தில் எரிந்த அதே மஞ்சள் வெளிச்சம்.

"கட்டவுட்டில ஒரு பிழையுமில்ல அண்ணன். பெயின்டுக்கு மேல பூட்டிக் கிடக்கு. பெட்டி வேன்ட இரும்பில முட்டினாத்தான் அதுக்கு எர்த். எர்த் இல்லாட்டி அளவு தெரியாம எல்லாத்தையும் பற்றரிக்குள்ள தள்ளும்." துப்பினான். "எந்த மடையன் இதுக்குள்ள பெயின்ட் அடிச்ச?"

"தெரியா. ஆரோ ஒரு பெயின்ட் பாஸ்" என்றேன்.

இரும்பு அறுக்கும் வாளின் முறிந்த அலகால் தகட்டைச் சுரண்டினான். இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது. திரும்பப் பூட்டினோம். பொத்துவில் போய் வந்தேன். வேன் முனகவில்லை.

பழைய கட்டவுட்: நல்லது. முதல் புதியது: நல்லது. இரண்டாவது: நல்லது. கெட்டது எதுவென்று எழுதத் தேவையில்லை.

நாளை ஜும்ஆ. உண்மையைச் சொல்லலாம். சொல்லாமலும் விடலாம். அவன் சத்தியம் செய்வான், நான் பெரிய மனதோடு ஏற்றுக்கொள்வேன், ஊர் அவனை ஒரு மாதிரித்தான் பார்க்கும். நல்லாகத்தான் இருக்கும்.

சீ. எழுதிவிட்டேன். வெட்டவில்லை, கிடக்கட்டும்.

மே 9, வெள்ளி

குத்பாப் பிரசங்கம் ஒரு வரி காதில் ஏறவில்லை. தொழுகைக்கு ஒளு எடுக்கும்போதே சொல்ல வேண்டியதை அடுக்கி வைத்திருந்தேன். "மரைக்கார், பிழை என்னில." மூன்று சொல். அதற்கு இத்தனை வியர்வை.

பள்ளியின் பின் அறை. எங்கள் மரைக்கார், இன்னொரு குடி மரைக்கார், செயலாளர். வாயைத் திறந்தேன். ச. முந்திக்கொண்டான்.

"தம்பிட வாகனத்தக் கேக்காமத் திறந்தது என்ட பிழை. மனம் நொந்திரிந்தா மன்னிச்சிக்கங்க." கையை நீட்டினான்.

"அப்ப கட்டவுட்டக் கெடுத்தது?" என்றார் மரைக்கார்.

"அதையும் என்ட கணக்குலயே போடுங்க. மாமாட வளவுக்குள்ள இனி வழக்கு வேணாம்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நம்பிவிட்டார்கள்! நான் கை கொடுத்தேன். "பரவாயில்ல" என்றேன். பரவாயில்லையாம்! எழுதும்போது நாக்குக் கசக்கிறது.

வெளியே செருப்பு மாட்டும்போது குனிந்து, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னான்: "பெயின்ட் சுரண்டின இடத்துல கொஞ்சம் கிறீஸ் பூசுங்க தம்பி. கடக்காத்து. இரும்பு கறள் புடிச்சா எர்த் திரும்பவும் போயிரும்."

போய்விட்டான். காலையில் நான் பொனட்டைத் திறந்து தண்ணீர் பார்த்தபோது அந்தப் பக்கம் வந்தான்தான். அவனுக்கு ஒரு பார்வை போதும். ஞாயிற்றுக்கிழமையே கண்டுபிடித்திருப்பான். பிறகும் பழியை வாங்கிக்கொண்டான்.

கிணற்றடியில் ராத்தா அழும் சத்தம். "புள்ளையள் மதறஸாவுக்குப் போனா என்ன சொல்லுவாங்க, உங்கட வாப்பாதான் வேனக் கெடுத்த எண்டுவாங்க..."

நசீமா வந்து வாசலில் நின்றாள். "இப்ப வயிறு குளிந்திச்சா?"

மே 10, சனி

கிறீஸ் பூசினேன். அவன் சொன்னதற்காக அல்ல. சரி, அவன் சொன்னதற்காகத்தான்.

நசீமா என்னோடு கதைப்பதில்லை. தேத்தண்ணி மேசையில் இருந்தது, ஆள் இல்லை.

ஆத்திரம் ஆறவில்லை. யார் அவனை மன்னிப்புக் கேட்கச் சொன்னது? செய்யாததற்கு மன்னிப்புக் கேட்க இவன் என்ன பெரிய மகான், வலியுல்லாவா? காலையில் நான் வேனை எடுக்கும்போது கேற்றைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான். சிரித்தான். எட்டி அறையலாம் போலிருந்தது. இவன் தயவில் நல்லவனாக நடமாட என்னால் ஏலாது.

லுஹர் தொழுகைக்குப் பிறகு மரைக்கார் வீடு. உள்ளே போகவில்லை, படியில் நின்றே சொன்னேன்.

"பெரிய மாப்பிள்ளையில ஒரு பிழையுமில்ல. என்ட பெயின்டாலதான் எல்லாம். வியாழக்கெழமையே எனக்குத் தெரியும்."

மரைக்கார் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப நேத்து ஏன் வாய மூடிட்டு இரிந்தீங்க?"

"அவர் முந்திட்டாரு."

கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். "சரி. இண்டைக்கே போய் அவர்ட்ட மன்னிப்புக் கேளுங்க. வீட்டுக்குள்ள கேட்டாப் போதும்."

"போதா. வாற ஜும்ஆக்கு, தொழுது ஆக்கள் எழும்ப முந்தி, பள்ளிக்குள்ள எல்லாருக்கும் முன்னால கேக்கன். நீங்க அறிவிச்சு உடுங்க."

"ஏன் தம்பி அவ்வளவுக்கு?"

அவருக்குப் பதில் சொல்லவில்லை. கொப்பிக்குச் சொல்கிறேன். அவன் மூன்று பேர் முன்னால் கேட்டான். நான் முழுப் பள்ளி முன்னால் கேட்பேன். சிரிக்கட்டும் பார்ப்போம்.