துரையின் கிணறு

அன்பு மச்சான் மாணிக்கத்துக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இத்தனை நாள் உனக்கு ஒரு வரி எழுதாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, பயம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் காய்ச்சலோடு கிடந்தபோது நீ என்னிடம் கடைசியாகக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "துரையைப் பாத்துக்குங்க அத்தான்" என்றாய். நானும் தலையை ஆட்டினேன். துரை செத்து எட்டு மாதம் ஆகிறது மச்சான்.

இதைப் படிக்கிற மற்றவர்கள் துரை என்றதும் யாரோ பெரிய மனிதர் என்று நினைத்துவிடுவார்கள். ஆய்வுக்கூடத்து எலிகளுக்குத் தீனி போடும் வேலையிலிருந்த நீ, ஒருநாள் சட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்த வெள்ளை எலி அது. வெள்ளையாக இருந்ததால் அந்தப் பெயர். பகல் முழுக்கச் செம்பவாங் நேவல் பேஸில், கப்பற்படைச் சாமான் ஸ்டோரில் வெள்ளைக்காரத் துரைக்குக் கைகட்டி நின்றுவிட்டு, இரண்டு பஸ் மாறித் தேக்காவுக்கு வந்தால் வீட்டிலும் ஒரு துரை. என் தலையெழுத்து என்று நான் புலம்புவேன், நீயும் உன் அக்காவும் சிரிப்பீர்கள். ஊரே எலிப்பொறி வைக்கிறது, எலிக்குப் பொம்மை செய்கிற வீடு இது ஒன்றுதான் என்று கீழே கடை வைத்திருக்கும் மளிகைக்காரர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பொம்மைகளை எப்படித்தான் யோசித்தாயோ. முதலில் திறந்த தீப்பெட்டியில் ஒரு கச்சாங் பூத்தே கடலை. பிறகு பெட்டியைப் பாதி மூடுவாய். பிறகு முழுக்க மூடி, நூல் கட்டி, இழுத்துத் திறக்க வைப்பாய். எல்லாம் பழகிய பிறகு கிணறு. கூண்டுக்குள் உயரத்தில் ஒரு பலகை, அதன் விளிம்பிலிருந்து நூலில் தொங்கும் சோடா மூடி, மூடிக்குள் கடலை. துரை பலகையில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் மாற்றி மாற்றி நூலை இழுத்து, தண்ணீர் சேந்துகிற மாதிரி மூடியை மேலே கொண்டுவரும். அதைப் பழக்க உனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் நான் சோறு கேட்டால்கூட, "சும்மா இருங்கலா அத்தான், பாடம் நடக்குது" என்பாய்.

உன் காரியம் முடிந்த நாளிலிருந்து உன் அக்கா மாடிப்படி இறங்கவில்லை. மார்க்கெட் இல்லை, கோயில் இல்லை, வீட்டுக்கு யாராவது வந்தால் சமையற்கட்டுக்குள் போய்விடுவாள். அழுதாலாவது தேற்றலாம், அழவும் இல்லை. சாயங்காலம் கிணற்றில் கடலை வைக்கிற நேரத்தில் மட்டும்தான் அவள் முகத்தில் கொஞ்சம் உயிர் வரும். அதுவும் போய்விட்டால் என்ன ஆவாள் என்று நினைத்துப் பார்க்கக்கூட எனக்குத் திராணி இருக்கவில்லை.

இந்த நிலையில்தான் ஒருநாள் விடியற்காலையில் கூண்டைப் பார்த்தேன். துரை விறைத்துக் கிடந்தது. உன் அக்கா இன்னும் எழுந்திருக்கவில்லை. அதைச் செய்தித்தாளில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, கூண்டைத் துணியால் மூடினேன். துரைக்கு உடம்பு சரியில்லை, துணியை எடுக்காதே, தூங்கட்டும் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். ஸ்டோருக்குப் பின்னால் புதைத்தேன். அரை நாள் லீவு கேட்டு சவுத் பிரிட்ஜ் ரோட்டுக்குப் போனேன். மாரியம்மன் கோயிலுக்கு இரண்டு சந்து தள்ளி ஒரு சீனர் பறவைக்கடை வைத்திருக்கிறார், அங்கே வெள்ளை எலியும் விற்கிறார். ஒன்றை வாங்கி, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு, கோயிலுக்குப் போய்வந்ததாகச் சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். துணிக்கு அடியில் கையை விட்டு அதைக் கூண்டில் விட்டேன். வெள்ளை எலியில் என்ன வித்தியாசம்? அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டு நாளில் கூண்டிலிருந்த கிணறு காணாமல் போயிற்று. ஏன் என்று கேட்டேன். நூல் இற்றுவிட்டது என்றாள். அதற்குப் பதில் திறந்த தீப்பெட்டி இருந்தது. அத்தனை வித்தை தெரிந்த துரைக்குப் பாலர் வகுப்புப் பொம்மையா? துக்கத்தில் இவளுக்குப் புத்தி தடுமாறுகிறதோ என்று பயந்தேன். ஆனால் வாரம் போகப்போகப் பெட்டி பாதி மூடியது, முழுக்க மூடியது, நூல் வந்தது, ஒருநாள் கிணறும் திரும்பி வந்தது. தேறிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன். நான் எவ்வளவு பெரிய மடையன் பார்.

அந்த எலியும் ஆறு மாதத்தில் போயிற்று. மறுபடி பஸ், மறுபடி திருநீறு. மறுபடி திறந்த தீப்பெட்டி.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் தரையில் உட்கார்ந்து தீப்பெட்டிக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு உடம்பெல்லாம் வலி. வாரம் முழுக்க ஓவர்டைம், காய்கறி, துணி, எல்லாம் நான்தான். அலுப்பில் வாய் தவறிக் கத்திவிட்டேன். துரைக்குத் தெரிந்ததையே எத்தனை தரம் செய்வாய், உனக்கு என்னதான் ஆயிற்று என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அந்தத் துரைக்குத் தெரியும். இந்தத் துரைக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்றாள்.

முதல் எலி மாறிய அன்றே அவளுக்குத் தெரியுமாம். புதிது பலகையில் ஏறி, தொங்கும் மூடியைப் பார்த்துவிட்டு, நூலைத் தொடாமல் படுத்துக்கொண்டதாம். இரண்டாவது எலிக்கும் கிணறு சேந்தக் கற்றுக்கொடுத்தாளாம், மூன்றாவதுக்கும் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறாளாம். உன்னை மாதிரியே, அதே வரிசையில்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன்.

"அவ்ளோ தூரம் அலைஞ்சு, நெத்தியில துன்னூறோட வந்து நிக்கறீங்க. எப்படிங்க சொல்றது?"

நான் அவளுக்காகப் பொய் சொன்னேன், அவள் எனக்காக அதை நம்பினாள். எட்டு மாதம் ஒரே அறையில் இருந்துகொண்டு இப்படி இருந்திருக்கிறோம். நீ இருந்திருந்தால் எங்களைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய், இல்லையா? நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் அவளும் அழுதாள். நீ போன பிறகு அன்றுதான் முதல் தடவை.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதுக்குத் துணைக்கு ஒண்ணு வாங்கணும். தனியா இருந்தா ஏங்கிப் போயிடும்னு தம்பி சொல்லுவான். ஆனா நீங்க போகாதீங்க, நோஞ்சானாப் பாத்து வாங்கிட்டு வர்றீங்க. நானும் வரேன்" என்றாள்.

நானும் வரேன் என்றாள், மச்சான். எனக்குக் காது சரியாகக் கேட்டதா என்று இன்னொரு தடவை கேட்டுக்கொண்டேன்.

நாளைக்குப் போகிறோம். நம் மாடிப்படி எத்தனை செங்குத்து என்று உனக்குத் தெரியும். கொடுத்த வாக்கு ஒன்றைக் காப்பாற்றாதவன் இன்னொன்று கொடுக்கிறேன், நம்பினால் நம்பு. அவளை அவசரப்படுத்த மாட்டேன். பாதிப் படியில் அவள் நின்றுவிட்டால், பறவைக்கடை அடைத்தாலும் சரி, அவள் பக்கத்தில் நானும் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அக்காவின் கையைப் பிடித்திருக்கும்
உன் அத்தான்