நீலக் கயிறு அட்டைகள்

மார்ச் 4
நான் நடத்திய பயிற்சி முடிந்தது. தெருச் சங்கத் தலைவர், சலூன்காரர், பால் போடுகிறவர், தையல்கார அக்கா எல்லோரும் கடைசி வரை இருந்தார்கள். கஷ்டப்படுகிற வீட்டுப் பிள்ளைகள் அரசுக் குழந்தைகள் விடுதிக்குப் போகாமல் இருக்கத் தெருக்காரர்கள் என்ன செய்யலாம் என்பதுதான் பாடம். சங்கத் தலைவருக்குப் பட்டப்பெயர் 'மைக்'. கையில் கிடைத்தால் பிடுங்கத்தான் வேண்டும். இன்று மனுஷன் அழகாகப் பேசினார்: "புள்ளைய வீட்டை விட்டுப் பிரிக்கறது கடைசி வழி. மொத வழி நாமதான்." எல்லோருக்கும் நீலக் கயிற்றில் அடையாள அட்டை மாட்டிவிட்டேன். என் யோசனை. ஒரு மரியாதை வேண்டாமா?

மார்ச் 11
முதல் குடும்பம். துணி தேய்க்கும் பெண். கணவன் எங்கே போனான் என்றே தெரியாது. மாலையில் ஹோட்டலில் பாத்திரம் கழுவப் போகும்போது மகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறாளாம். ஏழு வயது! மைக் அண்ணன் மனைவி சாயந்திரம் குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தயார். போய்ச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. "எல்லாரும் அட்டையோட போவோம், தெருவே கூட இருக்குன்னு தெரியட்டும்" என்றேன். எல்லோருக்கும் ஒரே குஷி. எனக்குந்தான்.

மார்ச் 13
போனோம். வாசல் நிறைந்துவிட்டது. அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மகளை முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டாள். மைக் அண்ணன் என்ன சொன்னாலும் "சரிங்க, சரிங்க". எவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாள் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தோம்.

மார்ச் 14
குழந்தையை விடுதியில் சேர்த்துவிட்டாள். அவளே. காலை முதல் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய்.

மார்ச் 15
ஓடினேன். கதவைத் திறக்கவில்லை, ஜன்னல் வழியாகத்தான் பேசினாள்.
"நீங்க தூக்கிட்டுப் போனா எங்க வச்சிருக்கீங்கன்னு எனக்கு யார் சொல்லப் போறா? நானே கொண்டு விட்டா எடமாவது தெரியும்ல?"
ஐயோ, தூக்கிட்டுப் போக வரலம்மா, உன்கிட்டயே இருக்கட்டும்னு சொல்லத்தான் வந்தோம் என்றேன்.
"அதுக்கு எதுக்குங்க அத்தனை பேரு? கழுத்துல அட்டை வேற."
அட்டை மாட்டினவங்க அந்த வாசல்ல வந்து நின்னு என்னைக்காவது நல்லது நடந்திருக்கா? இது ஏன் எனக்குத் தோணல? இத்தனை வருஷமா என்னத்தைக் கிழிச்சேன்?

மார்ச் 22
சேர்த்த பிள்ளையை விடுதிக்காரர்கள் அப்படியே திருப்பி அனுப்ப மாட்டார்களாம். மாவட்டக் குழந்தைகள் நலக் குழு கூடி உத்தரவு போட வேண்டும். பிள்ளை வீட்டோடு இருக்கப் பாடம் எடுத்தவள் நான் — வெட்கக்கேடு.

ஏப்ரல் 2
மைக் அண்ணன் அட்டையைத் திருப்பித் தந்தார். "வேணாம் மேடம். இப்ப எங்க வீட்டம்மா மட்டும் தேய்க்கத் துணி எடுத்துட்டுப் போறா. நேத்துதான் அந்தப் பொண்ணு ரெண்டு வார்த்தை பேசுச்சாம்." அவ்வளவுதான் பேசினார். அவர் ஏதாவது திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 19
குழு கூடவில்லை. யாரோ விடுப்பாம். அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறார்கள். பார்க்கலாமாம்!

மே 24
உத்தரவு வந்துவிட்டது. அம்மாவும் மைக் அண்ணன் மனைவியும் போய்க் குழந்தையை அழைத்து வந்தார்கள். நான் போகவில்லை.

ஜூன் 9
இன்று மனசு கேட்காமல் மைக் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அட்டை இல்லாமல், தனியாக. சாயந்திரம், அம்மா வேலைக்குப் போயிருந்தாள். குழந்தை தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தது. உள்ளே போய் மாற்றுத்துணி அடைத்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, வாசலில் உட்கார்ந்து செருப்பைப் போட்டுக்கொண்டது.
"அம்மா வந்தப்புறம் போலாமா?" என்று கேட்டது.
மைக் அண்ணன் மனைவி பையைக் கழற்றி உள்ளே கொண்டுபோய் வைத்தார். நான் உட்காராமல் வந்துவிட்டேன்.