பெரிய புள்ளி

குண்டூசிக்கு,

நலமா என்று கேட்கிற மனநிலையில் நான் இல்லை. போனை நீ எடுப்பதில்லை, அதனால் தபாலில் திட்டுகிறேன். மசக்கை கொஞ்சம் குறைந்ததா? அதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

சார் என்னை அறைக்குக் கூப்பிட்டு, "உனக்குக் கை வரலம்மா. அவ செஞ்சப்ப வந்தது, நீ செஞ்சா ஏன் வரல?" என்றார். இந்த மாதத்தோடு லேபில் என் இடம் காலி.

ஏன் வரவில்லை என்று உனக்குத் தெரியும். செல் இரண்டாகும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்க ஒரு பிடி வேண்டும். அந்தப் பிடியின் அடிப் புரதம் உட்கார்ந்தால்தான் மற்றப் புரதங்கள் அதன்மேல் உட்காரும், அப்புறம்தான் இழைகள் வந்து பிடிக்கும். நம் லேப் ஈஸ்டில், மரபணுக் கோளாறால், அந்த அடிப் புரதம் சூட்டில் கெட்டுப்போகும். கெட்டாலும் செல் பிரிகிறது, அடி தேவையே இல்லை என்று கட்டுரை எழுதிப் பெயரும் வேலையும் வாங்கினாய். அதே ஈஸ்டை முதலில் சேமித்த பழைய குழாயிலிருந்து எடுத்து நான் செய்தால் ஒரு செல்கூட ஒழுங்காகப் பிரியவில்லை.

அன்று நீ ஈஸ்ட் வளர்த்த தட்டு முழுக்க நோஞ்சான் புள்ளிகள், நடுவில் ஒன்று மட்டும் கொழுகொழுவென்று. நீ அதைத்தான் குச்சியால் தொட்டெடுத்து ஃப்ரீசரில் வைத்து, அதிலேயே சோதனை எல்லாம் செய்தாய். நோயாளி வேண்டிய இடத்துக்கு, நோய் குணமானவனைக் கூட்டிவந்திருக்கிறாய். அதன் மரபணு தன்னைத்தானே சரிசெய்துகொண்டுவிட்டது. சோதித்துப் பார்த்து முடிவை உனக்கு அனுப்பினேன். "விடுடி, இப்பக் கிளறினா என் வேலை போயிடும்" என்றாய். என் வேலை மட்டும் தெருவில் கிடக்கிறதா?

சாரிடமும் காட்டினேன். நான்தான் குழாயை மாற்றி எடுத்திருப்பேன் என்கிறார். நீ சொன்னால்தான் நம்புவார்.

தெரியாமல் எடுத்தது பெரிய தப்பில்லை, யாருக்கும் கை அங்கேதான் போகும். தெரிந்த பிறகும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாயே, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

உன் வயிற்றில் இருப்பதும் இந்த நிமிடம் செல் செல்லாகப் பிரிந்துகொண்டுதான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் முதலில் அடி உட்கார்ந்து, அதன்மேல்தான் மற்றதெல்லாம். அடி தேவையில்லை என்று அதனிடம் போய்ச் சொல்லிவிடாதே.

குழந்தை ஒரு குறையும் இல்லாமல் பிறக்கட்டும். மாதம் முடிவதற்குள் சாருக்கு ஒரு வரி எழுதிவிடு, தாயே.

கோபம் தீராத,
சோடாபுட்டி