நீ நீட்டாமல் போன கை

சர்ரென்று அந்தப் பட்டையைப் பிரிக்கும் சத்தம் கேட்டதும் நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. பிரஷர் பார்க்கிற மிஷினைப் பெட்டியில் வைக்கும் முன் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள் பேத்தி. நர்ஸ் படிப்பு படிக்கிறாள். காலேஜிலிருந்து பத்துப் பிள்ளைகள் ஆப்பிரிக்காவுக்குப் போகிறார்கள். ஒரு மாசம் அங்கே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரணும், பெரியவங்களுக்கு வைத்தியம் பார்க்கணும். வீடே பூரித்துக் கிடக்கிறது. நான் மட்டும் நாலு நாளாக அவளோடு பேசாமல் இருந்தேன். ஏன் என்று உனக்குத் தெரியும்.

நம்ம பள்ளிக்கூடத்துக்கும் அப்படித்தானே வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்தார்கள், ஒரு மாசத்துக்கு. நீயும் நானும் சத்துணவுக் கூடத்தில் சமைத்துக்கொண்டிருந்தோம். அவர்கள் பாட்டுப் பாடி இங்கிலீஷ் சொல்லித்தர, நீ அரிசி முறத்தோடு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வாய். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போதும் எனக்குக் "குட் மார்னிங்" சொல்வாய்.

ஒரு சனிக்கிழமை மருத்துவ முகாம் போட்டார்கள். பூனைக்கண் பெண் ஒருத்தி உன் கையில் பட்டையைக் கட்டி மூன்று தடவை பார்த்தாள். முகம் மாறிப்போச்சு. மாத்திரையை விடாமல் போடணும், உப்பைக் குறைக்கணும் என்று வாத்தியாரை விட்டுச் சொல்லவைத்தாள். அதற்கப்புறம் தினமும் உலை வைக்கிற இடத்துக்கே வந்து உன் கையைப் பிடித்துப் பார்ப்பாள். பெத்த பொண்ணுகூட இப்படிப் பார்த்ததில்லை என்று நீ அழுதாய். அவள் ஊருக்குக் கிளம்பிய அன்று பழவேற்காட்டுக் கருவாட்டை ஒரு பொட்டலம் கட்டி அவள் பையில் திணித்தாய். உப்பைக் குறை என்றவளுக்கே கருவாடு.

அவள் கொடுத்த மாத்திரை தீர்ந்தது.

"நம்மூரு நர்ஸம்மா கையில போய் வாங்கினு வாடி" என்றேன். நாலு தெரு தள்ளித்தான்.

"அந்தப் பொண்ணு அடுத்த வருசம் வரேன்னு சொல்லிக்கீது. அது வந்து கட்டட்டும். கண்டவங்களுக்கு நான் இன்னாத்துக்குக் கை நீட்டணும்?"

"அது வர்ற வரைக்கும் உன் பிரஷர் காத்துக்கினு இருக்குமா?"

"உனுக்குப் பொறாம."

அந்த ஒரு வார்த்தைக்காகப் பேச்சை விட்டேன். பதினோரு நாள், ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு. பன்னிரண்டாம் நாள் அடுப்புக்கு முன்னாலேயே சாய்ந்தாய். கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரிக்கு உயிரோடு போய்ச் சேரவில்லை.

வந்து பழக்கிவிட்டுப் போனவள் மேல் கோபம். உன் மேல் கோபம். நாலு தெருவுக்கு உன்னை இழுத்துக்கொண்டு போகாத என் மேலும்தான்.

நேற்றுதான் பேத்தியிடம் வாயைத் திறந்தேன். "நீ கட்டின கைய, நீ திரும்பி வந்தப்புறம் யாருடி கட்டுவா?"

பேத்தி பெட்டியை மூடாமல் உட்கார்ந்தாள். உன் கதை முழுவதையும் கேட்டாள்.

"அந்த ஊரு நர்ஸயே கட்டச் சொல்றேன் ஆயா, மொத நாள்ல இருந்தே. நான் பக்கத்துல நின்னு நம்பர மட்டும் எழுதுறேன்" என்றாள். பெட்டியை மூடிக்கொண்டே, "கருவாடு குடுத்தா வாங்கிக்கலாமா?"

சிரித்துவிட்டேன். உன் கதையில் நான் சிரித்தது இதுதான் முதல் தடவை.

மாசாமாசம் நான் நர்ஸம்மாவிடம் போகிறேன். "உனக்கு ஒண்ணும் இல்ல ஆயா, நல்லாத்தான் கீது" என்று பட்டையைப் பிரிப்பாள். நான் எழுந்திருக்கமாட்டேன். இன்னொரு கையையும் நீட்டுவேன். இது யாருக்கு என்று முதலில் கேட்டாள். இப்போது கேட்பதில்லை. கட்டுகிறாள்.