விளிம்பில்லாத சதுக்கம்

மார்ச் 4, செவ்வாய்

எட்டு மாதமாகத் தகரம் அடைத்து வைத்திருந்த சதுக்கத்தை இன்று திறந்துவிட்டார்கள். குறை சொல்ல முடியாது, அழகாகத்தான் இருக்கிறது. மேடு, குழி, படி எதுவுமில்லை. ஒரே சமமாக வெள்ளைக் கல். என் ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றால் எதிர்முனை ஆஸ்பத்திரி வரை தெரிகிறது.

அந்த ஆஸ்பத்திரியில்தான் அக்கா டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே பார்வை இல்லை. இருபத்திரண்டு வருஷமாகக் கோலைத் தட்டிக்கொண்டு தனியாகப் போய் வருகிறவள். வேலை நடந்தபோது பின்சந்து வழியாகச் சுற்றிப் போனாள். இப்போது அதையும் மூடிவிட்டார்கள். இன்று சதுக்கத்தின் நடுவில் அப்படியே நின்றுவிட்டாள். கடையைப் போட்டது போட்டபடி, "அக்கா!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

"கத்தாதடி. எல்லாரும் பாக்கறாங்களா?"

பார்த்தார்கள். "இல்லக்கா" என்றேன்.

மார்ச் 5

சதுக்கத்துக்காக இடித்துப்போட்ட பழைய தெருக்களில் எனக்கு நினைவிருப்பது சாக்கடையும் நெரிசலும்தான். அக்கா சொல்லச் சொல்ல வாய் பிளந்து கேட்டேன். அச்சக மிஷின் இடது காதில் கேட்டால் பாதி வழி. டயர் கடை ரப்பர் வாடை தீர்ந்ததும் வலது பக்கம் திரும்ப வேண்டும். வங்கிச் சுவர் முடிகிற இடத்தில் முகத்தில் காற்று அடிக்கும். ஒரு ஊரையே உடம்பில் வைத்திருக்கிறாள்! இரண்டு கண்ணை வைத்துக்கொண்டு நான் என்னத்தைப் பார்த்தேன்?

மார்ச் 8, சனி

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். தினமும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். "அப்ப பேசாம வேலைய விட்டுடேன்" — ஏன் அப்படிச் சொன்னேன்?

"எனக்கு வழிதான் போச்சு. காலு இருக்கு" என்றாள்.

மார்ச் 9

இன்று அக்கா காப்பி போட்டாள், தனக்கு மட்டும்.

மார்ச் 12, புதன்

அவளே கிளம்பிவிட்டாள், சதுக்கத்தை வரைந்த இன்ஜினியரைப் பார்க்க. நானும் பின்னாலேயே போனேன்.

"சக்கர நாற்காலில வர்றவங்களுக்கு வசதியா இருக்கட்டும்னுதாம்மா படியே வைக்கல" என்றார் அவர்.

"நல்ல காரியம் சார். அத மாத்தாதீங்க. பழைய சாக்கடைய யாரு கேட்டா? கண்ண மூடிட்டு என்கூட ஒரு தடவ நடங்க, போதும்."

மனிதர் சிரிக்கவில்லை. எங்களோடு சதுக்கத்துக்கு வந்து கைக்குட்டையால் கண்ணைக் கட்டிக்கொண்டார். நாற்பது அடிகூடப் போயிருக்க மாட்டார். நேராகப் போவதாக நினைத்துக்கொண்டு பஸ் திரும்புகிற பக்கம் போய்விட்டார். நான் கத்துவதற்குள் அக்கா அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நில்லுங்க. பஸ் வருது."

கைக்குட்டையை அவிழ்த்துவிட்டு பஸ் போன பக்கத்தைப் பார்த்தார். "எனக்கு இது தோணவே இல்லம்மா" என்றார். கட்டி முடித்த ஒன்றை இப்படி ஒத்துக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும்?

ஏப்ரல் 3, வியாழன்

இன்ஜினியரிடமிருந்து மூன்று வாரமாகச் சத்தமே இல்லை. அவ்வளவுதான் என்று கைகழுவிவிட்டேன். இன்று மத்தியானம் கடைக்கே வந்து நிற்கிறார்! கையில் ஒரு அட்டை. சதுக்கத்தின் வரைபடம், அதில் புதிதாகப் போடப்போகிற வழி முழுக்க நூல் ஒட்டியிருந்தது. அவரே உட்கார்ந்து ஒட்டினாராம்.

காலை ஷிப்ட் முடிந்து கடையில் இருந்த அக்கா விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இந்த வளைவு எதுக்கு?"

"பாக்க அழகா இருக்குமேன்னு..."

"எனக்குத் திசை தப்பிடும் சார். நேரா போடுங்க."

சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து அந்த இடத்திலேயே திருத்தினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. டோனர் மாற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

ஜூன் 16, திங்கள்

அந்த வழியில், கோலுக்குத் தட்டுப்படும்படி வரிவரியாக மேடு வைத்த கல் பதித்துப் பத்து நாளாகிறது. முதல் வாரம் கடை வாசலிலேயே நின்றேன், அவள் எதிர்முனை சேருகிற வரை.

இன்று காலையில் நல்ல கூட்டம். யாரோ ஒருத்தரின் பத்திரத்தை இரண்டு பக்கமும் நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தேன். மணி எட்டே கால்; அக்காவுக்கு எட்டு மணிக்கே டியூட்டி. அக்கா எப்போது கடந்து போனாள் என்றே தெரியவில்லை.